தவமணி மெஸ்ஸுல அப்படி என்னத்தப் போடுறான்?

சாப்பிடுவாக தாயி. சாப்பிட மாட்டாகன்னு நீ எப்படிச் சொல்லலாம்? வந்து இன்னும் உன் செருப்புச் சூடு ஆறல. கையப் பிடிச்சுப் பாத்த, கீழ் இமைய இழுத்துப் பாத்த, "பாட்டி, இனிமே வாய் வழியா நடக்காது, மூக்குல குழாய் போட்டுத்தான் ஆகணும்"னுட்ட. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசனுக்குச் சோறு போடுறவ நானு. அவுக வயிறு எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா? உக்காரு. அந்த ஸ்டூல்ல உக்காரு. உன் குழாய்ப் பை வாசல்லயே இருக்கட்டும். அத ஒண்ணும் நாய் தூக்கிட்டுப் போகாது.

என்ன பேரு சொன்ன நர்சம்மா? பிரிசில்லாவா? எங்க தெருவுல முந்தி ஒரு பிரிசில்லா டீச்சர் குடியிருந்தா. கோழி வளப்பா. அந்தக் கோழி அவ வீட்டுல முட்ட போடாது, எங்க மாடிப்படிக்குக் கீழ வந்துதான் போடும். எடுத்துட்டுப் போயிக் குடுத்தா, "உங்க வீட்டுல போட்டா அது உங்க முட்டதான்க்கா"ம்பா. அப்படி ஒரு மனசு. மாத்தலாகி எங்கயோ போயிட்டா. சரி அத விடு. நீயும் அவள மாதிரி கொஞ்சம் மனசு வையி. கொஞ்ச நேரம் பொறு. அம்புட்டுத்தான் நான் கேக்குறேன்.

டாக்டரு என்ன சொன்னாரு? என் மகன் ரவீந்திரனையும் என்னையும் வச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. "தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. அவரால முழுங்க முடியும். அவரா வாயைத் திறந்து எதையாச்சும் ஒண்ண உள்ள இறக்கிட்டாருன்னா குழாய் வேண்டாம். இன்னைக்குள்ள இறக்கலைன்னா எனக்கும் வேற வழியில்ல"ன்னாரு. இன்னைக்கு இன்னும் முடியலயே தாயி. வெயிலு இப்பத்தான வாசப்படியில ஏறுது.

குழாயப் பத்தித் தெரியாம பேசுறேன்னு நினைக்காத. எங்கக்கா சிவகாமிக்குப் போட்டாங்க. பிடுங்கிருவாள்னு ரெண்டு கையையும் கட்டில் கம்பியோட சேத்துக் கட்டிப் போட்டாங்க. நான் போயி நின்னா, விரல மட்டும் இப்படி இப்படி ஆட்டுறா. அவுத்து விடுன்னு. நான் அவுக்கப் போனேன், அங்க இருந்த சிஸ்டரு என் கையத் தட்டிவிட்டா. அந்த விரலு இன்னைக்கும் எனக்கு முன்னாடி ஆடுது. இவுக கையப் பாரு. வாடிப்போன வெண்டக்கா மாதிரி கெடக்கு. இதக் கட்டுறதுக்கு ஒரு துணி வேணுமா? சொல்லு.

ஏங்க, ஃபேன் காத்து குளிருதா? குளிருதாம். வளரு, ஏ வளரு, அந்த ஃபேன நிப்பாட்டு. மருமக. வளர்மதின்னு பேரு. அடுப்படியில இருக்கா. என்ன சொல்ற நீ? வேர்த்திருக்கா? அது பலவீனத்துல வர்ற வேர்வ தாயி. அவுகளுக்குக் குளிருனா எனக்குத் தெரியும்.

எப்படிப் படுத்தாகன்னு கேக்குற. ஐப்பசி மழையில, குளியலறை வாசல்ல வழுக்கி விழுந்துட்டாக. இடுப்பெலும்பு. இந்த வயசுல ஆபரேசன் வேண்டாம், படுக்கையிலயே கூடட்டும்னுட்டாங்க. தலமாட்டுல ரெண்டு தலகாணி வைக்கலாம், அதுக்கு மேல நிமுத்துனா உயிர் போற வலி. மொதல்ல அரை வயிறு சாப்பிட்டாக. அப்புறம் கா வயிறு. அப்புறம் ரெண்டு வாய். இப்ப ஒரு வாரமா பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்காக. ஊசி வழியா ஏத்துன தண்ணியும் நரம்பு கிடைக்கலன்னு நிப்பாட்டியாச்சு. தண்ணியில நனைச்ச பஞ்ச ஒதட்டுல வச்சா சப்பிக்கிறாக. கரண்டியக் கண்டா வாய் பூட்டிக்குது.

எல்லாத்துக்கும் காரணம் அந்தத் தவமணி மெஸ்ஸுதான். நான் சொல்றேன் கேட்டுக்க.

நீ வர்ற வழியில பாத்திருப்ப. அரிசி மில்லுக்குப் பக்கத்துல ஒரு சந்து, அதுக்குள்ள ஓட்டுக் கட்டடம். போர்டு கூடக் கெடையாது. நாலு பெஞ்சு, நாலு மேச. காலையில டிபன், மத்தியானம் சாப்பாடு, அதோட சரி. "ராத்திரிக்கு அவனவன் வீட்டுல போய்ச் சாப்பிடட்டும்"னு தவமணி அண்ணாச்சி சொல்லுவாராம். பெரிய தர்மவான்.

எங்க வீட்டுல அவுக பஸ் கண்டக்டரு. சீனியப்பன் கண்டக்டர்னா ராசபாளையம் ரூட்டு பூரா தெரியும். ரிட்டயராகி வந்த மறுநாள் காலையில குளிச்சாக, தேச்ச சட்டயப் போட்டாக, கெளம்பிட்டாக. எங்கங்கன்னு கேட்டேன். கையக் காட்டுனாக, இந்தா இப்படின்னு. நான் வட்டல்ல இட்லிய வச்சுக்கிட்டு நிக்கிறேன். அன்னைக்கு ஆரம்பிச்சது. காலையில மெஸ்ஸு, மத்தியானம் மெஸ்ஸு, ராத்திரி மட்டும் வீட்டுல ரெண்டு இட்லி. விழுந்த நாள் வரைக்கும் அதான்.

எனக்கு எப்படி இருக்கும்? எதுத்த வீட்டுக்காரி கேக்குறா, "என்னக்கா, உங்க வீட்டுல சிலிண்டர் தீந்துபோச்சா?"ன்னு. வருசக்கணக்காவா ஒரு வீட்டுல சிலிண்டர் தீரும்? எங்க ஓரகத்தி மக கல்யாணத்துல, சமையக்காரன் பாதியில கோவிச்சுட்டுப் போயிட்டான். அவன் கோவிச்சது எதுக்குன்னு நினைக்கிற, வெத்தலயில சுண்ணாம்பு காஞ்சுபோச்சாம், அதுக்கு. அன்னைக்கு அத்தன பேருக்கும் சாம்பார் வச்சவ இந்த அழகுத்தாயி. கையக் கழுவிட்டு வந்தும் அந்த மணத்துக்குக் கைய மோந்து பாத்தாங்க அம்புட்டுப் பேரும். அப்பேர்ப்பட்டவ வீட்டு ஆம்பள சந்துக்கடையில போயி உக்காந்தா?

அவுகளுக்கு என்ன பிடிக்கும்னு அவுகளுக்கே தெரியாது, எனக்குத்தான் தெரியும். காலையில ரெண்டு இட்லி, தேங்காச் சட்னி, காரம் கம்மி. மத்தியானம் பருப்பு, ரசம், புடலங்காப் பொரியல். மீனு ஆகாது. கத்திரிக்கா அரிப்பு. இத நான் ஒரு நாள் மாத்தி வச்சதில்ல. இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன வேணும்?

ஏன் வீட்டுல பேச மாட்டாகளான்னு கேக்குறியா? பேச்சே கெடையாது. காலம் பூரா பஸ்ஸுல "எங்க போகணும், எங்க எறங்கணும்"னு ஊரையெல்லாம் கேட்டுக் கேட்டே இவுகளுக்கு வாய் தேஞ்சுபோச்சு. அதனால வீட்டுல அவுகளுக்கும் சேத்து நான்தான் பேசணும். அதுவும் ஒரு பாரம்தான், என்ன செய்ய. ஒரு தடவ பல்லு வலி. டாக்டரு கேட்டாரு, எந்தப் பல்லுன்னு. இவுக வாயத் தொறந்துட்டுப் படுத்திருக்காக, எப்படிச் சொல்லுவாக? நான் சொன்னேன், இந்தப் பக்கம் கீழ இருக்கிறதுன்னு. பிடுங்கிட்டாரு. வீட்டுக்கு வந்து சாயங்காலம் பாத்தா மறுபக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கி நிக்குது. நல்ல பல்லப் பிடுங்கிட்டாரு தாயி. படிச்ச டாக்டருக்கு எது சொத்தப் பல்லுன்னு தெரிய வேணாமா? நான் போயி ஒரு சண்ட போட்டேன் பாரு, ஆஸ்பத்திரியே கூடிருச்சு. இவுக என் சேலயப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்துட்டாக. அவுகளுக்குக் கூச்சம்.

சிரிக்காத. மணியையும் பாக்காத. மணி ஓடிரும், பாத்தா இன்னும் வேகமா ஓடும்.

படுத்த பெறகு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? என் மானத்த எல்லாம் மடிச்சு வச்சுட்டு, அந்த மெஸ்ஸுல பார்சல் வாங்கியாரச் சொன்னேன். என் அடுப்பு எரியுது, நான் கடச் சோறு வாங்குறேன். இட்லி வந்துச்சு. அதே இட்லி, அதே சாம்பார். கரண்டியால மசிச்சு, பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி "அம்மா சொல்றேன்ல, ஆ காட்டுங்க, ஆ"ன்னேன். தலையத் திருப்பிக்கிட்டாக. சரி, பார்சல்ல மணம் போயிருச்சோன்னு எலையில வச்சுப் பாத்தேன். அங்க எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி வைப்பாங்கன்னு தெருக்காரங்க சொன்னாங்க, அத வச்சேன். மெஸ்ஸுல ரேடியோ பாடும்னாங்க, ரேடியோவும் போட்டேன். அந்தச் சன்னல்கிட்ட இருந்து கட்டில எடுத்து இந்தச் சுவரோரமா போட்டதே அதுக்குத்தான், அங்க சுவர்ப் பக்கம்தான் இவுக உக்காருவாகளாம். அவ்வளவும் செஞ்சேன். எலையில இட்லி காஞ்சுபோயி விரிசல் விட்டுச்சு. வாய் மட்டும் தெறக்கல.

அப்பத்தான் எனக்கு ஒரு வைராக்கியம். அங்க அப்படி என்னத்தப் போடுறான், நானே போயிப் பாக்குறேன்னு கெளம்பிட்டேன். வளரு கூட வந்தா. இல்ல, வரல, நான் வேணாம்னுட்டேன். தனியாத்தான் போனேன். பொம்பள தனியாப் போயிக் கடையில உக்காந்து சாப்பிடுறதா, எங்கப்பா இருந்திருந்தா கால ஒடிச்சிருப்பாரு.

காலை நேரம். உள்ள நுழைஞ்சா மில்லுல மூட்ட தூக்குறவங்க, கோர்ட்டு குமாஸ்தா ஒருத்தரு, பள்ளிக்கூட வேன் ஓட்டுறவன், எல்லாரும் தோளோட தோள் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. தோசக்கல்லுல தண்ணி தெளிக்கிற சத்தம். பூரி ஒண்ணொண்ணும் என் மூஞ்சி தண்டிக்கு உப்பிக்கிட்டு வருது. சட்னி கெட்டியா, கடுகு வெடிச்சு. அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு பழக்கம் வச்சிருக்கான் பாரு, எனக்குப் பிடிக்கவே இல்ல. எலைய விரிச்சுட்டு ஒண்ணும் வைக்க மாட்டான். உப்புக்கூட. சப்ளையரு பால்பாண்டின்னு ஒருத்தன், வந்து நம்ம முன்னாடி நிக்கிறான். "என்ன வேணும்?"ங்கிறான். அப்புறம் நின்னுக்கிட்டே இருக்கான். மூஞ்சியப் பாத்துக்கிட்டு. நாமளா வாயைத் தெறந்து சொல்ற வரைக்கும் ஒரு அடி நகர மாட்டான். சொன்னாத்தான் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அப்படித்தானாம். வாளியச் சாச்சுப் பிடிச்சுக்கிட்டு "ஊத்தவா?"ன்னு கேட்டு நிப்பான். எலைக்கு மேல கையக் குறுக்க நீட்டுனா ஒரு சொட்டு விழாது. எலையில மிச்சம் கெடந்தா அண்ணாச்சிக்கு ஆகாதாம், அதனால கேட்டுக் கேட்டுத்தான் வைக்கணும்னு கடச் சட்டம். இது என்ன மரியாத? வீடு தேடி வந்தவனுக்கு இழுத்து வச்சு அள்ளிப் போடுறதுதான மரியாத? "போதும் போதும்"னு கத்தக் கத்த ஊத்தணும். அதான நம்ம பழக்கம்.

எங்கிட்டயும் வந்து நின்னான். "என்ன வேணும்ம்மா?"

"எதையாச்சும் கொண்டாப்பா"ன்னேன்.

"எதையாச்சும்னு எங்க கடையில ஒண்ணும் போடுறதில்லம்மா. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

நிக்கிறான். எனக்கு ஒண்ணும் ஓடல தாயி. என்ன வேணும் எனக்கு? நானும் யோசிக்கிறேன், வாயில வர மாட்டேங்குது. எங்கம்மா வீட்டுல இருந்த மட்டும் தம்பிகளுக்குப் போக மிச்சம். இங்க வந்த பெறகு இவுக சாப்பிட்டு முடிச்ச பெறகு சட்டியில இருக்கிறது. இப்படி ஒருத்தன் எதுத்தாப்புல நின்னு கேட்டா மனுசி என்ன சொல்லுவா? கண்ணுல தூசி வேற விழுந்துருச்சு, அந்தக் கடையில பொகைக்கு ஒரு வழி கெடையாது. முந்தானையால தொடச்சுக்கிட்டுச் சொன்னேன், "எங்க வீட்டுக்காரருக்கு என்ன வைப்பியோ அத வையி. சீனியப்பன், கண்டக்டரு"ன்னேன்.

அவனுக்கு மூஞ்சியெல்லாம் பல்லாயிருச்சு. "கண்டக்டர் ஐயா வீட்டம்மாவா? ஐயா ஒரு நாள் சாப்பிட்டத மறுநாள் சாப்பிட மாட்டாங்களேம்மா. ஒரு நாள் பூரி, ஒரு நாள் வெங்காய ஊத்தப்பம். மத்தியானம் மீன் கொழம்புன்னா வால் துண்டுதான் வேணும்னு சண்ட போடுவாங்க. ஐயா உள்ள நுழைஞ்சாலே கட கலகலன்னு ஆயிரும். 'பால்பாண்டி, ஸ்டேஜ் வந்துருச்சு, எறங்குறவங்களுக்கு வழி விடு'ன்னு சொல்லிக்கிட்டேதான் வருவாங்க. அவுங்க சொல்ற கதைக்காகவே குமாஸ்தா சார் கோர்ட்டுக்கு லேட்டாப் போவாரு"ன்னான்.

எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, இவன் வேற ஆளச் சொல்றான்னு. கண்டக்டருங்க எத்தனையோ பேரு. இவுக மீனு தொட மாட்டாக. வெங்காயம் போட்டா எலை ஓரத்துல ஒதுக்கி வைப்பாக. இவுகளாவது கத சொல்றதாவது. நான் சொன்னேன், "தம்பி, நீ ஆள மாத்திட்ட, எங்க வீட்டுக்காரரு பேசவே மாட்டாரு"ன்னேன். அவன் ஒரு மாதிரி என்னையப் பாத்தான். குமாஸ்தாவும் தலையக் குனிஞ்சுக்கிட்டு எலையில கோலம் போட்டுக்கிட்டு இருந்தாரு. சரி, அவுங்களுக்குத் தப்பாப் போச்சேன்னு கூச்சம். ரெண்டு இட்லி வாங்கித் தின்னுட்டு வந்துட்டேன்.

ஆனா ஒண்ணு, அந்தப் பால்பாண்டி பாசக்காரன். கேட்டுக்கிட்டேன், "ஒரு நாள் வீட்டுக்கு வந்து உன் கையால வச்சுப் பாருப்பா, உன் கைராசியாச்சும் எறங்குதான்னு பாப்போம்"னு. போன ஞாயித்துக்கெழம கடையச் சாத்திட்டு வந்தான். அதே துண்டு தோள்ல. அதே வாளி. இவுக அவனப் பாத்ததும் கண்ணு ரெண்டும் இப்படி வெரிஞ்சுச்சு தாயி. பொய் சொல்லல. தலகாணியில இருந்து தலையத் தூக்கப் பாத்தாக. இன்னைக்குச் சாப்பிட்டுருவாகன்னு நான் ஓடிப்போயி எலைய எடுத்தாந்து விரிச்சேன். அவன் கட்டில் பக்கத்துல வந்து நின்னான். குனிஞ்சு, "ஐயா, என்ன வேணும்?"னான்.

இவுக எப்பப் பதில் சொல்லி, எப்ப எறங்கி? வாய் தெறக்கிற நேரத்த விடக் கூடாதில்ல. "ரெண்டு இட்லி வையி பால்பாண்டி, சட்னியத் தள்ளி வையி, சாம்பார் லேசா ஊத்தி மசிச்சுக் குடு"ன்னு நான்தான் மளமளன்னு சொன்னேன். அவன் என்னையப் பாத்தான், இவுகளப் பாத்தான். வச்சான். இவுக கண்ண மூடிக்கிட்டாக. தெறக்கவே இல்ல. எலைக்கு மேல கைய மட்டும் இப்படிக் குறுக்க நீட்டுனாக. நானு, கை நடுங்குதாக்கும்னு எடுத்துப் போர்வைக்குள்ள வச்சேன். அவனும் வாளியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டான். வாசல்ல நின்னு என்னமோ சொல்ல வந்தான், "அம்மா, நீங்க கொஞ்சம்..."ன்னான். அப்புறம் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டான். கைராசி எல்லாம் கடைக்குள்ளதான் போலருக்கு. வீட்டுக்கு வந்தா வேல செய்யல.

அன்னைக்கு ராத்திரி சாமி ரூமுல போயி உக்காந்துக்கிட்டு நான் அழுதது அந்த மாரியாத்தாளுக்குத்தான் தெரியும். நான் என்ன கொற வச்சேன்? வாய் தெறந்து ஒரு பருக்க உள்ள போகட்டும், நான் கால்நடையா வந்து தீச்சட்டி எடுக்குறேன்னு வேண்டியிருக்கேன். இந்த முழங்காலோட. என் பேத்தி போன்ல சொல்றா, "அப்பத்தா, தாத்தாவுக்கு மனசுல ஏதோ இருக்கு"ன்னு. என்ன இருக்கும் மனசுல? இருந்தா எனக்குத் தெரியாதா? இத்தன வருசத்துல என்கிட்டச் சொல்லாம இந்த மனுசன் ஒண்ணும் வச்சதில்ல. சொன்னதும் இல்ல, அது வேற.

எந்திரிக்காத தாயி. எங்க போற? பைய எடுக்கப் போறியா? இரு, இரு. உன் கையப் பிடிச்சுக் கேக்குறேன். சாயங்காலம் வரைக்கும் பாப்போம். ரவீந்திரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவன் வேலைக்குப் போயிட்டான், "நான் வர்றதுக்குள்ள போட்டு முடிச்சுருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவனுக்குப் பாக்கத் தெம்பு இல்ல. எனக்கு மட்டும் இருக்கா? அந்தக் குழாய நீ மூக்குல விடுற நேரம், இவுக என்னையத்தான பாப்பாக. அக்கா பாத்த மாதிரி. நான் எந்தப் பக்கம் திரும்பிக்குவேன்? நீ சொல்லு, எந்தப் பக்கம் திரும்பிக்கட்டும்?

பைய எடுக்கலயா? பின்ன?

என்ன வேணும்னு அவுககிட்டயே கேக்கப் போறியா. கேளு. நீயும் கேட்டுப் பாரு. நான் கேக்காததா. ஆனா நீயே ஏமாந்துபோவ. ஏங்க, இந்தப் பிள்ள என்னமோ கேக்குது பாருங்க, இட்லி வேணும்னு சொல்லுங்க. என்ன? நான் பேசக் கூடாதா? சரி. சரி, பேசல. இந்தா, முந்தானைய வாயில வச்சுக்கிட்டேன், போதுமா?

ஏன் இம்புட்டு நேரம் சும்மா நிக்கிற? கேட்டதுதான் கேட்டுட்டியே, பதில் வரலன்னா... சரி. சரிம்மா. மொறைக்காத. நிக்கிறேன்.

தாயி.

ஒதடு அசையுது. நீ பாத்தியா? என்னமோ சொல்றாக. ஒரு வாரமா காத்துக் கூட வராத வாயி. குனி, நீ குனிஞ்சு கேளு, உனக்குத்தான் காது நல்லாக் கேக்கும். என்ன சொல்றாக?

டீயா?

என்ன டீ? இல்லயே. நீ சரியாக் கேக்கல. இன்னொரு தடவ கேளு. எனக்கே கேட்டுருச்சு. டீ. இஞ்சி டீ. பேசிட்டாக தாயி. மாரியாத்தா. எங்க வீட்டுக்காரரு பேசிட்டாக. ஆனா டீ எங்க இருந்து வந்துச்சு? இந்த வீட்டுல டீத்தூளே வாங்குனதில்ல. எங்கப்பா வீட்டுலயும் காப்பிதான், இங்கயும் காப்பிதான். கல்யாணம் ஆன மறுநாள் காலையில நான் காப்பியக் கொண்டுபோயிக் குடுத்தேன், வாங்கிக் குடிச்சாக. அன்னையில இருந்து விழுந்த நாள் வரைக்கும் ஒரு நாள் வேணாம்னு சொன்னதில்ல. அந்தக் கடையில குடிச்சுப் பழகியிருப்பாகளோ? டீ பித்தம் தாயி. வெறும் வயித்துல இறங்குனா கொடலக் கிண்டிரும். இஞ்சி வேற கேக்குறாக. அவுகளுக்கு நாக்கு கொழறுது, காப்பின்னு சொல்ல வந்துருப்பாக.

என்னையப் பாக்குறாகளா? ஆமா, பாக்குறாக. கண்ணு முழுசாத் தெறந்திருக்கு.

கடையில வாங்கியாரச் சொல்றியா? ஆள் போயி, அங்க கூட்டத்துல நின்னு, வாங்கி, அது வந்து சேர்றதுக்குள்ள இந்த வாயி மறுபடி பூட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது? ஒரு வாரம் கழிச்சுத் தெறந்த வாயி தாயி. வேணாம். நேரம் போக்கக் கூடாது. நீ அப்படியே பேச்சுக் குடுத்துக்கிட்டு இரு. விட்டுராத. நான் பாத்துக்குறேன். கொஞ்சம் நகரு.

வளரு, ஏ வளரு. டிக்காசன் இருக்குல்ல? சூடா ஒரு காப்பி கலந்து கொண்டா. டம்ளர்ல வேணாம்டி, மேல் அலமாரியில கண்ணாடிக் கிளாஸ் இருக்கு பாரு, அதுல ஊத்து. துளி இஞ்சியத் தட்டி மேல போட்டுக்க. டீன்னு சொல்லிக் குடுத்துருவோம், அவுகளுக்கு என்ன தெரியப்போகுது. சீக்கிரம் உள்ள கொண்டா. சத்தம் போடாம கொண்டா, அவுக காதுல விழுந்துறப் போகுது.